முட்டியும் இடுப்பும்

பாபநாசத்திலிருந்து தாமிரபரணிக் கரையோடு கடல்வரை போகும் பாதையில், வாடகை சைக்கிளின் பச்சைப் பொத்தானை அழுத்தினால் போதும், கூட வருபவரின் வலி நமக்கு வந்துவிடும். முக்கூடல் தாண்டிய மேட்டில், கணவருக்குத் தெரியாமல் முப்பிடாதி அதை அழுத்தினாள். சங்கரபாண்டியின் முட்டிவலி சுருக்கென்று அவளுக்குள் ஏறியது. ஆனால் அவளுடைய பழைய இடுப்புவலியைக் காணோம்.

முன்னால் போன சங்கரபாண்டி இடுப்பைப் பிடித்துக்கொண்டு திரும்பினார். அவரும் அழுத்தியிருக்கிறார்.

"இந்த வலியோடயா இத்தன வருசம் ஓடியாடி வேல செஞ்சே?"

"வலிக்கவே இல்லன்னு சாதிச்சீங்களே, அந்த முட்டியா இது?"

மறுபடி அழுத்தினால் அவரவர் வலி அவரவருக்கே திரும்பிவிடும்; இருவருமே பொத்தானைத் தொடவில்லை. ஆற்றோரம் மருதமர நிழல் வந்ததும், வலிக்கிறதென்று ஒருநாளும் உட்கார்ந்தறியாத மனுஷனை அவள் அதட்டினாள்: "வண்டிய நிறுத்துங்க. உங்க முட்டி வலிக்குது."