கெம்புக்குள் கீறல்

போடி கடைவீதியில், நகைக் கடைக்குள் நின்று நாலு பேர் கேட்கவே குரலை உயர்த்தினாள் பாண்டியம்மாள்.

"மருமக போட்டுவந்த கெம்பு மோதிரம். கல்லுக்குள்ள கீறல் ஓடுது. போலிதான?"

பக்கத்தில் நின்ற மருமகள் முத்துப்பேச்சி தலையைக் குனிந்துகொண்டாள்.

கடைக்காரர் லென்சை வைத்துப் பார்த்தார். "அசல்தான் ஆத்தா. மண்ணுல விளையுறப்பவே உள்ள விழுந்த கீறல். கண்ணாடிக் கல்லுலதான் இது இருக்காது."

"இந்தச் சாக்கெல்லாம் வேணாம். சம்பந்தி எங்கன வாங்குனாகளாம்?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "என்கிட்டதான். பஞ்சத்துல வீட்டுக்குத் தெரியாம நீங்க வித்த பதக்கத்துக் கல்லு இது. இந்தக் கீறலை வச்சே சொல்லிருவேன்."

பாண்டியம்மாள் மோதிரத்தைச் சட்டென்று வாங்கிக்கொண்டாள். படியிறங்கிய பிறகும் அவளால் மருமகளின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"மாமாகிட்டச் சொல்லமாட்டேன் அத்தை" என்றாள் முத்துப்பேச்சி மெதுவாக.