தங்கைக்கு மட்டும்

"ஒரே வயித்துல பொறந்தோம், ஒரே சபைக்குப் போறோம். தங்கச்சிக்கு மட்டும் ஆண்டவர் அள்ளி அள்ளிக் கொடுக்கிறாரே!" என்று போதகரிடம் பொருமினாள் அக்கா.

"உங்களுக்கு என்னம்மா குறை?"

"வீடு, வேலை, பிள்ளைங்க எல்லாம் இருக்கு, ஐயா. ஆனா ஒரு தலைவலி வந்தாலே எனக்கு ஜெபம் வர மாட்டேங்குது. அவளுக்கு ரெண்டு சிறுநீரகமும் போச்சு, புருஷனும் விட்டுட்டுப் போயிட்டான். அப்பவும் ஊசி குத்தக் குத்தப் பாடிட்டு இருக்கா. வயிறு எரியுது!"

அன்று மாலை டயாலிசிஸ் அறைக்குள் நுழைந்ததும் தங்கையிடமே கேட்டுவிட்டாள். "எங்கேருந்துடி வருது உனக்கு இவ்வளவு விசுவாசம்?"

தங்கையின் கண்கள் கலங்கின. "விசுவாசமா? இங்க வந்து படுத்ததும், 'நீர் இருக்கீரா, இல்லையா'ன்னு ஒவ்வொரு தடவையும் ஆண்டவர்கிட்ட சண்டை போடுவேன்க்கா. அப்போ பார்த்து நீ உள்ள வருவே. அதோட சண்டை முடிஞ்சிடும்."