மேட்டுக் குடியிருப்புக்கு ஒரு வண்டி

"இறங்குங்க! அஞ்சு பேரும் இப்பவே இறங்குங்க!"

கொட்டுகிற மழையில் வேனை ஓரங்கட்டிவிட்டுக் கத்தினான் வெர்னன். சந்தையில் கம்பளம் கூவி விற்றே முரடாகிப்போன தொண்டை. கண்ணாடி அதிர்ந்தது.

பின்னால் இருந்த ஐந்து பேரில் யாருக்கும் வயது எண்பதுக்குக் குறையாது. ஹில்டா மட்டும் அசரவில்லை.

"அதுக்குத்தான் கண்ணு, பாதி வழியிலேயே சொன்னேன். சாவடி வாசல் வரைக்கும் உன் பெட்ரோலைக் கரைச்சிட்டு, உள்ள போய்ப் புதுக் கட்சிக்கு ஓட்டுப் போட்டா அது ஏமாத்து வேலை இல்லையா?"

வெர்னனின் கோட்டில் பழைய கட்சியின் அடையாளமான ரிப்பன் பூ. வேன் கதவில் ஒட்டிய போஸ்டரில் கிளெனிஸ் ஹெப்வொர்த்தின் சிரித்த முகம். இருபது வருடமாக அந்த வட்டாரத்துக்கு அவள்தான் கவுன்சிலர். இந்தத் தடவை ஊரே புதுக் கட்சிப் பக்கம் சாய்கிறது. அவளுக்கு ஒவ்வொரு ஓட்டும் உயிர். "முதல்ல மேட்டுக் குடியிருப்புக்குப் போ. ஹில்டாவையும் அவ கூட்டாளிகளையும் கூட்டிட்டுப் போய் விடு" என்று காலையிலேயே போன் செய்து சொன்னதும் அவள்தான்.

"ஏன் ஹில்டா? உங்க அப்பா, உங்க வீட்டுக்காரர் எல்லாம் சுரங்கத்துல கிடந்தவங்க. பரம்பரையா நம்ம கட்சி. கிளெனிஸ் உங்களுக்கு என்ன குறை வெச்சா?"

"பஸ் எங்கே?"

"என்னது?"

"மேட்டுக்கு வந்துட்டிருந்த பஸ். நகரசபை நிறுத்தி ரெண்டு குளிர்காலம் ஆச்சு. டாக்டர்கிட்ட போகணும்னா டாக்ஸி. பால் வாங்கணும்னா டாக்ஸி. பஸ் இருந்தா உன் ஓட்டை வேன்ல நான் ஏன் ஏறப்போறேன்?"

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"புதுசா வர்றவன் மட்டும் பஸ் விட்டுக் கிழிச்சிடுவானா?"

"கிழிக்கலேன்னா அவனையும் அனுப்புவோம்."

வெர்னனுக்குத் தெரிந்த ஒரே வித்தை பேரம்.

"சரி, அஞ்சு பேர்ல மூணு பேர் கிளெனிஸுக்குப் போடுங்க."

"முடியாது."

"ரெண்டு?"

"இது உன் கம்பளக் கடை இல்ல, வெர்னன்."

ஹில்டா கதவைத் திறந்து வாக்கரை மழைக்குள் இறக்கினாள். ஒரு கால் வெளியே போய்விட்டது. மற்றவர்கள் குடையைத் தேடினார்கள். ஒருவர்கூடக் கெஞ்சவில்லை.

வெர்னன் முழ நீளத்துக்கு ஒரு கெட்ட வார்த்தை சொன்னான்.

"காலை உள்ள எடுங்க! கதவுல நசுங்கப்போவுது!"

பள்ளிக்கூடத்தில்தான் வாக்குச்சாவடி. அவர்களை இறக்கி உள்ளே அனுப்பிவிட்டு, திரும்பக் கூட்டிப்போக வாசலிலேயே நின்றான். தெரிந்த முகங்கள்தான் போய்வந்தன. கசாப்புக்கடை ராய், பல் டாக்டரின் மனைவி, போன தேர்தலில் அவனோடு தெருத்தெருவாக நோட்டீஸ் போட்டவன்கூட. வெர்னனின் கோட்டில் இருந்த பூவைக் கண்டதும் எல்லாருடைய பார்வையும் தரைக்குப் போனது.

கோஷம் இல்லை. அடிதடி இல்லை. உள்ளே ஓட்டுச்சீட்டில் குறி போட நூலில் கட்டிய துண்டுப் பென்சில், அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு ஒரு ஊரே சத்தமில்லாமல் புரண்டு படுக்கிறது. அத்தனை கோபத்திலும் வெர்னனுக்கு உடம்பு சிலிர்த்தது.

மறுநாள் காலை, உள்விளையாட்டரங்கில் எண்ணிக்கை. மேசைக்கு மேசை புதுக் கட்சியின் ஓட்டுச்சீட்டுக் கட்டுகள் வளர்ந்துகொண்டே போயின. ஐம்பது வருடக் கோட்டைகள் டீ ஆறுவதற்குள் சரிந்தன. ஜெயித்தவர்களே நம்ப முடியாமல் வாயைப் பிளந்து நின்றார்கள். கிளெனிஸின் வட்டாரத்தை மட்டும் திரும்பத் திரும்ப எண்ணினார்கள்.

நாலு ஓட்டில் தோற்றாள்.

வெர்னன் விரல் விட்டு எண்ணினான். நாலு. அவன் வேனில் போனது ஐந்து.

ஜெயித்தவனுக்குக் கை கொடுத்துவிட்டு வந்தவளை ஓரமாக இழுத்துப் போனான்.

"கிளெனிஸ், உன்னைக் கவுத்தது நான்தான். மேட்டுக்காரங்க அஞ்சு பேரும் அவனுக்குத்தான் போடப்போறாங்கன்னு ஹில்டா வழியிலேயே சொல்லிடுச்சு. தெரிஞ்சேதான் கொண்டுபோய் இறக்கினேன். அறையணும்னா அறை."

கிளெனிஸ் தன் ரிப்பன் பூவை நிதானமாகக் கழற்றிக் கைப்பைக்குள் வைத்தாள்.

"எனக்கும் தெரியும். போன வாரம் ஓட்டுக் கேட்டுப் போனப்பவே என் முகத்துக்கு நேரா சொல்லிட்டா."

"தெரிஞ்சுமா என்னை அனுப்பினே? புத்தி கெட்டுப்போச்சா உனக்கு?"

"கட்சி சொல்லுச்சேன்னு அந்த பஸ்ஸை நிறுத்தக் கை தூக்கினவ நான், வெர்னன். என்னை வீட்டுக்கு அனுப்ப வர்றதுக்காவது அவங்களுக்கு ஒரு வண்டி வேணாமா?"