நெஞ்சுவலிக்காரன் பெண்சாதி

"ஏம்மா, புருஷன் நெஞ்சு வலிக்குதுன்னு முனகறாரு. உனக்கு அப்படி இன்னா தூக்கம்?"

நர்ஸ் விக்டோரியா போட்ட சத்தத்தில் வார்டே திரும்பிப் பார்த்தது. கட்டிலுக்குக் கீழே பாயில் சுருண்டு கிடந்த மணியம்மாள் மட்டும் அசையவில்லை.

"கூட்ஸ் வண்டியே மேல ஏறினாலும் இந்தம்மா எழுந்துக்காது, சிஸ்டர்!" என்றார் பக்கத்துக் கட்டில் குப்புராஜ்.

கட்டிலில் கிடந்தவன் ஆரம்பாக்கத்துச் சடையப்பன். லாரியில் நெல் மூட்டை ஏற்றும்போது விழுந்து, நாலு வருஷமாக இடுப்புக்குக் கீழே உணர்ச்சியே இல்லை. போன திங்கட்கிழமை நெஞ்சுவலி என்று கும்மிடிப்பூண்டி ஆஸ்பத்திரியில் கொண்டுவந்து சேர்த்தாள் மணியம்மாள். டாக்டர் "பயப்பட ஒண்ணுமில்ல" என்றதும் படுத்தவள்தான். புருஷனைத் துடைப்பது, புரட்டிப் போடுவது எல்லாம் விக்டோரியா தலையில்.

டாக்டருக்கோ சந்தேகம். "நேத்து இடப்பக்கம் வலிங்கிறான், இன்னிக்கு வலப்பக்கம்ங்கிறான். நீ கவனிச்சுச் சொல்லு. வலி இல்லேன்னா அனுப்பிடலாம்" என்றிருந்தார்.

விக்டோரியா குனிந்து மணியம்மாளின் தோளைத் தொட்டாள்.

சடையப்பன் பதறிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "வாணாம் சிஸ்டர், எழுப்பாதீங்க! எனக்கு வலியே இல்ல."

"இன்னாது?"

"மெதுவா..." அவன் குரல் இறங்கியது. "ஊட்ல ராவெல்லாம் முழிச்சிக்கினு என்னைப் புரட்டிப் புரட்டிப் போடுவா. விடிஞ்சா நடவுக்கு ஓடுவா. உங்கம்மா ஊட்டுக்குப் போயி நாலு நாள் படுத்து எழுந்து வாடின்னா, உன்னை யார் கையில உட்டுட்டுப் போறதும்பா. எனக்கு நோவுன்னாதான் இங்க கொண்டாருவா. இங்க நீங்கல்லாம் இருக்கீங்க இல்ல? அதான்..."

விக்டோரியாவுக்கு அவன் முதுகு ஞாபகம் வந்தது. நாலு வருஷம் படுக்கையில் கிடந்த முதுகு. ஒரு புண் இல்லை. தினமும் துடைத்தும் அவளுக்கு அது உறைக்கவில்லை.

சாயங்காலம் டாக்டர் வந்தார். "என்ன சிஸ்டர், இவனுக்கு வலி இருக்கா, இல்லையா?"

சடையப்பன் கண்ணை மூடிக்கொண்டான்.

"இருக்கு டாக்டர். இன்னும் ஒரு வாரமாவது வெச்சுப் பாக்கணும்" என்ற விக்டோரியா, கட்டிலுக்குக் கீழே ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னாள்: "கொஞ்சம் மெதுவாப் பேசுங்க, டாக்டர்."