திருப்பத்தில் நிற்கும் குதிரை

தெருமுனைத் திருப்பம்வரை குதிரை ஒழுங்காகத்தான் போகிறது. அதைத் தாண்டியதும் நின்றுவிடுகிறது.

ஏனென்று பல் டாக்டரின் மனைவிக்குப் புரியவில்லை.

டாக்டர் காலில் கட்டோடு மாடி ஜன்னலோரம் கிடந்தார். நாலுகால் பாய்ச்சலில் போகும்போது விழுந்தாராம். நலம் விசாரிக்க ஆள் வர வர, பாய்ச்சலின் வேகமும் கூடிக்கொண்டே போனது.

குதிரைக்கு நடை கட்டாயம். குளம்பு தரையில் அழுந்தும்போதெல்லாம் காலில் இறங்கிய இரத்தம் மேலே ஏறும். நின்றால் அங்கேயே தேங்கிவிடும். நாலே நாளில் பின்னங்கால்கள் வீங்கிவிட்டன. இன்னும் இரண்டு நாள் இப்படியே நின்றால் குடலும் அடைத்துக்கொள்ளும், அப்புறம் தன் கையில் ஒன்றுமில்லை என்று கால்நடை மருத்துவர் சொல்லிவிட்டுப் போனார்.

அவள் சவாரிக்கு ஆள் தேடினாள். டாக்டர் படுத்தபடியே தேர்வு வைத்தார். முதுகு எப்படி, முழங்கால் எப்படி, குதிகால் எங்கே என்று குடைந்தெடுத்தார்.

முதலில் வந்தவர் பந்தயத்தில் கோப்பை வாங்கியவர். குதிரை நின்றது. அடுத்தவர் சவாரிப் பள்ளியே நடத்துகிறவர். நின்றது.

"என்னைத் தவிர யாருக்கும் அடங்காது" என்றார் டாக்டர். பெருமை தாங்கவில்லை.

மூன்றாவதாக, குதிரைப் போலீஸில் இருந்து ஓய்வுபெற்ற ஒரு பெண்மணி. மனைவியும் கூடவே நடந்தாள். திருப்பம் தாண்டியதும் குதிரை நின்று, கழுத்தை வளைத்து, முதுகில் இருந்தவளைப் பொறுமையாகப் பார்த்தது.

"ஏம்மா, உங்க வீட்டுக்காரர் இங்க என்ன பண்ணுவாரு?"

"இங்கிருந்துதான் பாய்ச்சல்னு சொல்வாரு."

"குதிரை அப்படிச் சொல்லலையே."

சேணத்தைச் சரிபார்க்க அவள் கீழே இறங்கினாள். கால் தரையில் பட்டதும் குதிரை நடக்கத் தொடங்கியது. ஏறினாள், நின்றது. இறங்கினாள், நடந்தது.

மனைவி திரும்பிப் பார்த்தாள். அங்கிருந்து அவர்கள் வீட்டு ஜன்னல் தெரியவில்லை. தெருவில் எந்த வீட்டு ஜன்னலும் தெரியவில்லை.

அவள் மாடி அறைக்குள் நுழையும்போதே டாக்டர் கேட்டார்.

"ஆள் அமைஞ்சுதா?"

"அமைஞ்சாச்சு. அப்படியே உங்கள மாதிரி ஓட்டுற ஆள்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் முதல் அவளே குதிரையைக் கூட்டிப்போனாள். யாரும் ஏற வேண்டாம். கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நடந்தால் போதும். ஒரு மணி நேரம் நிற்காமல் வரும்.