மூன்று மணி நேரப் பலகை

"மூணு மணி நேரம்னு எழுதின முட்டாள் யாரும்மா?"

விடுதிக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்த பெரியவர் முதுகுப்பையைக்கூட இறக்கவில்லை. எழுபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். முழங்கால் வரை சேறு.

அடுப்பில் பீன்ஸ் சூப்பைக் கிளறிக்கொண்டிருந்த தெமெனுகா திரும்பிப் பார்த்தாள். பல்கேரிய மலைமுகடுகள் வழியாகக் கடல் வரை போகும் நெடும்பாதையில், நடைப்பயணிகளுக்கான அந்த விடுதியைப் பதினைந்து வருஷமாக நடத்துகிறவள். களைத்துப்போய்க் கத்துகிறவர்கள் அவளுக்குப் புதிதல்ல.

"முதல்ல உக்காருங்க, பெரியவரே. சூடா சூப் தரேன்."

"சூப் கிடக்கட்டும். கீழே கணவாய்ல நிக்கிற பலகை, இங்க வர மூணு மணி நேரம்னு சொல்லுது. காலைல ஒன்பது மணிக்குக் கிளம்பினேன். இப்ப மணி நாலு. வழியில ஒரு இடத்துலகூட வெட்டியா உக்காரல."

பக்கத்து மேசையில் ரொட்டி தின்றுகொண்டிருந்த இரண்டு இளைஞர்கள் சிரித்தார்கள். "நாங்க ரெண்டே முக்கால் மணில வந்துட்டோம், தாத்தா."

"வருவீங்க. உங்களுக்குப் பலகையே தேவையில்ல. பின்னால வர்றவங்களுக்குத்தான் அது வேணும்."

அவர் மறுபடி தெமெனுகாவிடம் திரும்பினார்.

"போன வாரம் ஒரு அம்மா அந்தப் பலகையை நம்பி மத்தியானம் மூணு மணிக்குக் கிளம்பியிருக்காங்க. பாதி வழியில இருட்டிப்போய், பாறையிலேர்ந்து விழுந்துட்டாங்க. பேப்பர்ல படிச்சேன்."

தெமெனுகாவின் முகம் சுருங்கியது. "அவங்களைத் தூக்கிட்டு வந்தவங்கள்ல நானும் ஒருத்தி. இடுப்பெலும்பு முறிஞ்சிருந்தது. அதுக்குப் பலகை என்ன செய்யும்? மெதுவா நடக்கிறவங்க காலைலயே கிளம்பணும்."

"இப்படிச் சொல்லிச் சொல்லித்தான் தப்பிச்சுக்கறீங்க. தாமதமா வந்து சேர்ற ஒவ்வொருத்தரும் தன் கால்லதான் கோளாறுன்னு நினைச்சுட்டுப் போறாங்க. எழுதினவன் கையை உடைக்கணும்."

கரண்டி பாத்திரத்தில் 'ணங்' என்று விழுந்தது.

"நிறுத்துங்க. அதை எழுதினவர் யாருன்னு தெரியுமா? வல்கான். அம்பது வருஷத்துக்கு முன்னால இந்த மலை பூரா நடந்து, நேரம் குறிச்சு, ஒவ்வொரு பலகையையும் தோள்ல சுமந்துட்டு வந்து நட்டவர். அவர் பேரைச் சொன்னாலே எங்கப்பா தொப்பியைக் கழட்டுவார். வருஷா வருஷம் நான்தான் அந்தப் பலகைக்குப் பெயின்ட் அடிக்கிறேன். இதுவரைக்கும் ஒரு எழுத்தை மாத்தினதில்ல."

"தற்பெருமை பிடிச்சவன். தன் கால் வேகத்தை ஊருக்கே அளவா வெச்சுட்டுப் போயிட்டான்."

தெமெனுகா அவருக்காக எடுத்து வைத்த சூப் கிண்ணத்தைத் திரும்பத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அவரைத் திட்டறவங்களுக்கு இங்க சூப்பும் கிடையாது, கட்டிலும் கிடையாது. கிளம்புங்க."

"கிளம்பறேன். பலகையை மாத்தறேன்னு சொல்லு. ஆறு மணி நேரம்னு எழுது."

"வழியில போறவங்க சொல்றதுக்கெல்லாம் மாத்த முடியாது. வேணும்னா வல்கானே நேர்ல வந்து சொல்லட்டும். நாளைக்கே மாத்தறேன்."

பெரியவர் முதுகுப்பையை மெல்ல இறக்கிவிட்டு, பெஞ்சில் சரிந்து உட்கார்ந்தார். இளைஞர்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார்கள்.

"வந்துதானேம்மா சொல்லிட்டு இருக்கேன்," என்றார் அவர். "அன்னைக்கு எனக்குப் பின்னால நடந்து வந்த என் மனைவிக்கு ஆறு மணி நேரம் ஆச்சு, அதை எழுத எனக்குக் கௌரவக் குறைச்சலா இருந்துச்சு."