வலது இருக்கையின் பெல்ட்

ஈர்ப்பு விசையை ஜெயித்துவிட்ட மனிதகுலத்துக்கு மிச்சமிருக்கும் ஒரே எதிரி மூடநம்பிக்கைதான் என்று கேப்டன் ஜெபசீலன் அறிவித்தார்.

விமானத்தின் வலது இருக்கையில் இப்போதெல்லாம் ஆள் கிடையாது. ஒவ்வொரு பயணத்திலும், விபத்தில் இறந்துபோன விமானி ஒருவரின் குரல்தான் துணை விமானி. அந்தக் காலி இருக்கைக்கும் பெல்ட் மாட்டிவிட்டுக் கிளம்புவது மற்ற விமானிகளின் வழக்கம்.

பொறியாளர் சபுரா நினைவூட்டினாள். "மாட்டிடுங்க சார். இன்னைக்கு மிருணாளினி மேடம்."

"செத்தவங்க எங்கம்மா எந்திரிச்சு ஓடிடப் போறாங்க? அப்படியே ஒரு ஜூஸும் கொடுத்துடவா?"

சபுரா கதவைச் சாத்திவிட்டுப் போனாள்; பெல்ட் தொங்கியபடியே இருந்தது.

திருச்சியிலிருந்து மேலெழும்பியதுமே விமானத்தின் மூக்கு தானாக உயரத் தொடங்கியது. ஜெபசீலன் கட்டுப்பாட்டுத் தண்டை முழு பலத்தோடு முன்னால் தள்ளினார். மூக்கு இறங்கவில்லை; இப்படியே போனால் விமானம் வேகமிழந்து விழும். பின்னால் ஒரு கல்யாண கோஷ்டி செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தது.

"நானும் கடைசி வரைக்கும் தள்ளிக்கிட்டேதான் இருந்தேன் சார்," என்றது மிருணாளினியின் குரல். "அப்புறந்தான் தோணிச்சு. ப்ளேனை ஒரு பக்கமா சாய்ங்க, மூக்கு தானா இறங்கும். இறக்கையோட ஃப்ளாப்பை மட்டும் தொடாதீங்க."

எதற்கு அப்புறம் என்று ஜெபசீலன் கேட்கவில்லை. விமானத்தைச் சாய்த்தார். மூக்கு இறங்கியது. மெதுவாக ஒரு சுற்று வந்து, கிளம்பிய ஓடுபாதையிலேயே தரையிறக்கினார். கல்யாண கோஷ்டி கைதட்டியது.

மறுநாள், சபுரா கதவைச் சாத்திவிட்டுப் போகும்வரை காத்திருந்தார். பிறகு சத்தமில்லாமல் காலி இருக்கையின் பெல்ட்டை இழுத்து மாட்டினார்.

"இன்னும் கொஞ்சம் இறுக்குங்க சார்," என்றது அதே குரல்.